இருபத்து நான்கு சொற்களும் ஒரு வீடும்

பிட்கொயின் வைத்திருப்பவர்களுக்குப் பெட்டகம் பொருத்திக் கொடுப்பது என் தொழில். பெட்டகம் பெருவிரல் அளவுதான் இருக்கும், ஆனால் அதைப் பொருத்தும்போது முழுக் குடும்பமும் கூட வரும்.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ரிஸ்வானுக்குப் போன் திருத்தும் கடை. கடையின் பின்பக்கத்தில் எனக்கொரு மேசை. அதற்கு முன்பு நான் நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியன். கடதாசி விலை ஏறிப் பக்கங்கள் குறைந்தபோது நானும் அந்தப் பக்கங்களோடு குறைந்துபோனேன். கொம்பியூட்டர் ஓரளவு தெரியும், பொறுமை கொஞ்சம் உண்டு. இந்தத் தொழிலுக்கு இரண்டாவதுதான் அதிகம் தேவைப்படும் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். ஹாட்வெயார் வொலட் என்று ஒரு கருவி. வயரால் கொம்பியூட்டரில் கொழுவி, அதற்கென்றே உள்ள மென்பொருளை ஏற்றி, ஒரு இரகசிய இலக்கம் கொடுக்க வேண்டும். உடனே கருவியின் சின்னத் திரையில் இருபத்து நான்கு ஆங்கிலச் சொற்கள் ஒவ்வொன்றாக வரும். வருகிற வரிசையிலேயே அவற்றை ஒரு அட்டையில் எழுதிக்கொள்ள வேண்டும். கருவி உடைந்தாலும் தொலைந்தாலும் பரவாயில்லை, இன்னொன்று வாங்கி அந்தச் சொற்களைக் கொடுத்தால் பணம் திரும்பிவிடும். சொற்கள் தொலைந்தால் முறைப்பாடு செய்ய வங்கியும் இல்லை, மனேஜரும் இல்லை. சொற்கள் வேறொருவர் கைக்குப் போனால் பணம் அவருடையது. ஆகவே படம் எடுக்காதீர்கள், கொம்பியூட்டரில் தட்டாதீர்கள், எனக்குக்கூடக் காட்டாதீர்கள் என்று ஒவ்வொருவருக்கும் சொல்வேன். சொந்தக்காரருக்கு ஒரு தடவையாவது பாஸ்வேர்ட் மாற்றிக் கொடுத்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. நீங்களும் என் கட்சிதான்.

சுவர்

வாடிக்கையாளர் சொற்களை எழுதத் தொடங்கியதும் நான் கதிரையைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்ப்பேன். சுவரில் ஒரு மருந்துக்கடைக் கலண்டர் தொங்குகிறது. இந்த வருடத்துப் பௌர்ணமிப் போயா விடுமுறைகள் அனைத்தும் எனக்கு மனப்பாடம்.

இரத்மலானையிலிருந்து ஒருவர் வந்தார். தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் பகுதியின் மேற்பார்வையாளர். இயந்திரச் சத்தத்துக்கு மேலால் கதைத்துப் பழகிய குரல். நான் சுவர்ப் பக்கம் திரும்பிய கையோடு, "நம்பர் ஒண்டு!" என்று ஆரம்பித்தார். சொல்லையும் சொன்னார். எழுத்து எழுத்தாகவும் சொன்னார். கடையின் முன்பக்கத்தில் போன் கண்ணாடி மாற்றக் கொடுத்துவிட்டு நின்ற இரண்டு பேர் பேச்சை நிறுத்திக் கவனித்தார்கள். ரிஸ்வான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தான். அவர் ரேடியோவுக்கு மேலால் கூட்டினார். நான் திரும்பியபோது அவர் பதினோராவது சொல்லில் நின்றார்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. கையிலிருந்த பேனையை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"பாக்கக்கூடாது எண்டுதானே சொன்னீங்க, கேக்கக்கூடாது எண்டு சொல்லேல்லையே."

எந்தக் கோடு ஏற்கும்?

ஜெயந்தி கொட்டாஞ்சேனைப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். வெளிநாட்டு நிறுவனங்கள் தயாரிக்கும் வீடியோக்களுக்குக் கீழே வரும் வசனங்களை எழுதிக் கொடுப்பது அவளுடைய வேலை. அந்த நிறுவனங்களில் சில பிட்கொயினாகத்தான் சம்பளம் தரும். அப்படி மூன்று வருடமாகச் சேர்ந்ததைத் தொடாமல் வைத்திருந்தாள். காரணம், அவளும் தகப்பனும் இருபது வருடமாக வாடகைக்கு இருக்கும் இரண்டு அறை வீடு. வீட்டின் சொந்தக்காரர் அவுஸ்திரேலியாவில். விற்பதென்றால் முதலில் உங்களிடம்தான் கேட்பேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். பணம் அந்த நாளுக்காகக் காத்திருந்தது. தாய் கடைசியாகப் படுத்திருந்ததும் அந்த வீட்டில்தான் என்று ஜெயந்தி பேச்சுவாக்கில் சொன்னாள்.

தகப்பன் ஞானசேகரம் கூடவே வந்திருந்தார். புதுக்கடைக் கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், பதிவறை இலிகிதராக முப்பது வருடம் இருந்து ஓய்வுபெற்றவர். மகள் எழுதி முடித்ததும் அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். நான் வழக்கமான புத்திமதிகளைச் சொன்னேன். "ஒரே ஒரு பிரதிதான் இருக்கவேணும் ஐயா. ரெண்டாவது ஒண்டு இருந்தா எரிச்சுப்போடுங்கோ." அவர் சட்டைப் பையிலிருந்து சின்னக் கொப்பி ஒன்றை எடுத்து அதை எழுதிக்கொண்டார். என் புத்திமதியை எழுதிக்கொண்ட முதல் வாடிக்கையாளர். எனக்குப் பெருமையாக இருந்தது.

அட்டையில் ஒரு சொல்லை ஜெயந்தி வெட்டித் திருத்தியிருந்தாள். அவருடைய விரல் அந்த இடத்தில் நின்றது.

"தம்பி, முத்திரை இல்லை, திகதி இல்லை, வெட்டின இடத்தில சுருக்கொப்பமும் இல்லை. இதை எந்தக் கோடு ஏற்கும்?"

அண்ணாவின் சொற்கள்

வெள்ளவத்தைத் தொடர்மாடியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும். கருவியைக் கனடாவிலிருந்து மனைவியின் அண்ணா கொண்டுவந்து கொடுத்திருந்தார். சும்மா கொடுக்கவில்லை. நீங்கள் கஷ்டப்படக்கூடாது என்று எல்லாவற்றையும் தானே பொருத்தி, இருபத்து நான்கு சொற்களையும் அழகாக அச்சடித்து, பெட்டிக்குள் வைத்துக் கொடுத்திருந்தார். இனிப் பணத்தைப் போடவேண்டியது மட்டும்தான் பாக்கி.

சொற்கள் எழுதப்பட்டு வருகிற கருவி அடுத்தவருடைய கருவி என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். சொல்லவேண்டிய கடமை எனக்கு உண்டு. சொன்னேன். கணவன் நிலத்தைப் பார்த்தார். மனைவி கணவனைப் பார்த்தார். நான் கலண்டரைப் பார்த்தேன். அந்தச் சுவர் இப்படியான நேரங்களுக்கும் உதவும். "அண்ணாவில நம்பிக்கை இல்லாமலில்லை" என்று கணவன் தொடங்கினார். "பின்ன?" என்றார் மனைவி. கணவன் அதோடு நிறுத்திக்கொண்டார்.

அரை மணித்தியாலத்துக்குப் பிறகு மனைவிதான் தீர்ப்புச் சொன்னார். அழித்துப் புதிதாகச் செய்யச் சம்மதம். ஆனால் அச்சடித்த பழைய தாளை நான் கிழிக்கப் போனபோது கையைப் பிடித்துத் தடுத்தார்.

"காசைப் புதுச் சொல்லில வையுங்கோ. அண்ணான்ட சொல்லு சாமிப் படத்துக்குப் பக்கத்தில இருக்கட்டும், அவர் வந்து பாத்தா மனசு நோகக்கூடாது."

மட்டக்குளிச் சமையற்காரர்

மட்டக்குளியில் இருந்துகொண்டு ஹோட்டல் ஒன்றில் சமையல் வேலை செய்பவர். சொந்த ஊர் பொகவந்தலாவைப் பக்கம். போனில் அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்திருந்தார். கருவி வேண்டும் என்று வந்தார். அவரிடமிருந்த பிட்கொயினைப் பார்த்தேன். கருவியின் விலை அதைப்போல் நான்கு மடங்கு.

விற்கிற இடத்தில் இருந்துகொண்டு வாங்கவேண்டாம் என்று சொல்வது வியாபாரத்துக்கு நல்லதல்ல. ரிஸ்வான் முன்பக்கத்திலிருந்து என்னை முறைத்தான். இருந்தாலும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கருவியைக் கையில் வைத்துப் பாரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"பர்ஸு வாங்குற அன்னைக்கே உள்ளுக்குக் காசு இருக்கணும்னு எங்கயாச்சும் சட்டம் இருக்கா சேர்?"

பூட்டுப் பரிசோதனை

ஜெயந்தி வந்துபோய் ஏழு மாதமிருக்கும். ஒரு நாள் காலையில் போன் எடுத்தாள். அவுஸ்திரேலியாவிலிருந்து செய்தி வந்திருந்தது. வீட்டுக்கு வேறொருவர் விலை பேசிவிட்டார். வாக்குக் கொடுத்தபடி முதல் உரிமை ஜெயந்திக்குத்தான், ஆனால் மாத முடிவு வரைக்கும்தான். பதினொரு நாள் இருந்தது. போதும் என்று நினைத்து கருவியை எடுத்துக் கொம்பியூட்டரில் கொழுவியிருக்கிறாள். கருவி அவளை வரவேற்றது. புதிதாக வாங்கிய கருவி வரவேற்பது போல.

அதில் எதுவும் இல்லை. இதில் கொடுமை என்னவென்றால், கொம்பியூட்டரில் இருக்கும் மென்பொருள் பணத்தைத் தொடர்ந்து காட்டிக்கொண்டிருக்கும். கண்ணாடி அலுமாரி மாதிரி. உள்ளே இருப்பது முழுவதும் தெரியும். திறக்கிற சாவி கருவியில் இருந்தது, கருவியில் இப்போது சாவி இல்லை. "யாராவது நம்பரைப் பிழையா அடிச்சவையோ?" என்று கேட்டேன். மூன்று தரம் பிழையான இலக்கம் கொடுத்தால் அந்தக் கருவி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்; திருடனுக்காகச் செய்த ஏற்பாடு. ஜெயந்தி போனை விலக்கி வீட்டுக்குள் கேட்டாள். தகப்பன் போனுக்கு வந்தார். குரலில் திருப்தி இருந்தது.

"ஓம் தம்பி, பூட்டு வேலை செய்யுதோ எண்டு நான்தான் பாத்தனான். மூண்டாந்தரம் எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுது. நல்ல சாமான், நம்பலாம்."

அரக்கு வைத்த உறை

நான் பதறவில்லை. சொற்கள் இருந்தால் இருபது நிமிட வேலை. அன்று பின்னேரமே இருவரும் கடைக்கு வந்தார்கள். ஞானசேகரம் பிளாஸ்டிக் கோப்பு ஒன்றிலிருந்து நீளமான உறையை எடுத்தார். சிவப்பு அரக்கு வைத்து மூடிய உறை. அரக்கின் மேல் முத்திரை. ஏழு மாதமாக அதை யாரும் திறக்கவில்லை என்று காட்டிவிட்டுத்தான் உடைக்கவிட்டார். நான் கதிரையைத் திருப்பினேன்.

ஜெயந்தி சொற்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். கருவி ஏற்கவில்லை. மறுபடி கொடுத்தாள். ஏற்கவில்லை. மூன்றாவது தடவை தொடங்கினாள். சுவரைப் பார்த்தபடியே கேட்டேன்.

"முதல் சொல்லு என்ன எழுத்தில தொடங்குது?"

"ஏ."

"ரெண்டாவது?"

"அதுவும் ஏ தான் அண்ணன்."

"மூண்டாவது?"

"பீ."

"நாலாவதும் பீ... அதுக்குப் பிறகு சீ?"

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள்.

தொழிலுக்கு வந்த பிறகு முதல் தடவையாகத் திரும்பி ஒருவருடைய சொற்களை வாசித்தேன். மேசையில் இருந்தது அட்டை இல்லை. லீகல் சைஸ் தாளில் தட்டச்சுச் செய்து, லமினேட் பண்ணி, கீழே 'உண்மைப் பிரதி' என்று சமாதான நீதவானின் முத்திரையும் கையொப்பமும் வைத்த பத்திரம். இருபத்து நான்கு சொற்களும் இருந்தன. ஒன்றும் தவறவில்லை, ஒரு பிழையும் இல்லை. ஆங்கில அகர வரிசையில் அழகாக நின்றன.

"பதிவறையில பட்டியல் எண்டா அப்பிடித்தான் தம்பி போடுறது" என்றார் ஞானசேகரம். "அப்பதானே தேடி எடுக்கலாம். அந்த அட்டையில எல்லாம் கலைஞ்சு கிடந்தது. நான்தான் ஒழுங்குபடுத்தினனான்."

"அட்டை எங்க அப்பா?"

"ரெண்டாவது இருந்தா எரிக்கச் சொல்லித்தானே தம்பி சொன்னவர். முத்திரை இல்லாததை எரிச்சனான்." கொப்பியை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினார். என் வாசகம் ஒரு எழுத்துப் பிசகாமல் இருந்தது.

ஜெயந்திக்கு யோசித்து யோசித்து அட்டையின் முதல் சொல் ஞாபகம் வந்தது. கடைசிச் சொல் ஞாபகம் இருப்பது போல் இருந்தது. ஏனையவற்றை எத்தனை விதமாக மாற்றி மாற்றி அடுக்கலாம் என்று பார்க்க ரிஸ்வான் தன் பெரிய கல்குலேட்டரை எடுத்துவந்து பெருக்கத் தொடங்கினான். இருபத்திரண்டு, இருபத்தொன்று, இருபது என்று இறங்கிக்கொண்டு போனவன் இடையில் நிறுத்தினான்.

"கல்குலேட்டர்ல இடம் முடிஞ்சு போச்சு அண்ணன், இதுக்கு மேல அல்லாட கணக்கு."

எதிர்ப்பக்கத்து நடைபாதை

ஜெயந்தி அழவில்லை, தகப்பனை ஏசவும் இல்லை. திரையில் தெரிந்த பணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏசியிருந்தால் எல்லோருக்கும் இலேசாக இருந்திருக்கும். ஞானசேகரம் லமினேட் தாளைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

பத்திரிகையில் இருந்த காலத்துப் பழக்கம், எந்தக் கடதாசியைக் கண்டாலும் கீழே யார் கையொப்பம் என்று பார்ப்பது. உண்மைப் பிரதி என்று அத்தாட்சிப்படுத்துகிறவர் மூலத்தையும் பிரதியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிட்டவருக்கு வரிசை மாறியது எப்படித் தெரியாமல் போனது? கேட்டேன்.

"அவர் ஒப்பிடேல்லை" என்றார் ஞானசேகரம். "ஒரு செத்தவீட்டு வாசல்ல கண்டனான். ஓட்டோவுக்கு மேல வச்சுக் கையொப்பம் போட்டவர்."

"நீங்க அப்பிடிச் செய்யிற ஆளில்லையே அப்பா" என்றாள் ஜெயந்தி. "ஒரு கடுதாசிக்கு நாலு தரம் அலையிற ஆள். செத்தவீட்டில ஏன்?"

அவர் தண்ணீர் கேட்டார். ரிஸ்வான் கொடுத்தான். முழுவதையும் குடித்துவிட்டுத்தான் சொன்னார். முதலில் வேறொரு சமாதான நீதவானிடம்தான் போயிருக்கிறார். தங்கள் தெருவிலேயே, இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஓய்வுபெற்ற தபாலதிபர் நாகலிங்கம். அட்டையும் தட்டச்சுப் பிரதியும் இரண்டுமே அப்போது கையில் இருந்தன. நாகலிங்கம் முக்கால் மணித்தியாலம் ஒப்பிட்டார். பிறகு, வரிசை வேறு, இது உண்மைப் பிரதி இல்லை, கையொப்பம் வைக்க ஏலாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பதிவறையில் முப்பது வருடம் இருந்தவனுக்குப் பட்டியல் போடப் பழக்குகிறாயோ என்று இவர் கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. சந்திக்குப் போவதென்றாலும் அந்த வீட்டைத் தாண்டாமல் தெருவின் எதிர்ப்பக்கத்தால்தான் போவாராம்.

"அவர் அந்த வித்தியாசத்தை எங்கையாவது எழுதி வச்சிருப்பாரோ?" என்று கேட்டேன்.

"அந்த மனுசன் எழுதாத விஷயம் இல்லை. தேத்தண்ணி குடிச்சாலும் பதிஞ்சு வைப்பான்." சொல்லிவிட்டு முகத்தைத் தடவினார். "ஆனா நான் எப்பிடிப் பிள்ளை அங்க போறது? அவன் சொன்னதுதான் சரி எண்டு நான் எந்த வாயால சொல்லுறது?"

ஜெயந்தி கொம்பியூட்டரை மூடினாள்.

"எழும்புங்கோ அப்பா. றோட்டைக் கடப்பம்."

விண்ணப்பம்

நானும் கருவியைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். நாகலிங்கத்தின் முன்னறையில் ஒரு மேசை, ஒரு முத்திரைப் பெட்டி, சுவரோரமாக வருடவாரியாகப் பதிவேடுகள். ஞானசேகரத்தைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எந்தப் பதிவு வேண்டும் என்று மட்டும் கேட்டார். "பதிவு இருக்கு" என்றார். எங்கள் மூவருக்கும் உயிர் வந்தது. "ஆனா காட்ட ஏலாது. எழுத்தில விண்ணப்பம் வேணும். காரணம் குறிப்பிடவேணும்."

"கொண்டுவந்தவனே நான்தானே!" என்றார் ஞானசேகரம்.

"அடையாள அட்டை?"

"நாகலிங்கம், நாப்பது வருசமா என்னைத் தெரியும் உமக்கு."

"தெரியும். அட்டை?"

ஜெயந்தி வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துவந்தாள். ஞானசேகரம் விண்ணப்பம் எழுதினார். நல்ல கையெழுத்து. 'பிரதி தயாரிக்கப்பட்டபோது தவறொன்று ஏற்பட்டமையால்' என்று எழுதி நீட்டினார். நாகலிங்கம் வாசித்துவிட்டு மேசையில் வைத்தார்.

"ஆரால ஏற்பட்டது? காத்தடிச்சோ?"

ஞானசேகரம் தாளைத் திருப்பி எடுத்தார். பேனை நீண்ட நேரம் தாளுக்கு மேலேயே நின்றது. முப்பது வருடமாக மற்றவர்களின் விண்ணப்பங்களில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிய கை அது. ஜெயந்தி தகப்பனுக்குப் பின்னால் நின்று அவருடைய தோளில் கையை வைத்தாள். அவர் எழுதினார்: 'நாகலிங்கம் அவர்கள் சுட்டிக்காட்டியிருந்தும் அதனை ஏற்காது என்னால் செய்யப்பட்ட தவறு.' வெட்டித் திருத்தல் இல்லை. கையொப்பம் வைத்து, திகதியும் போட்டார்.

நாகலிங்கம் அதைக் கடைசி வரை வாசித்தார். 'கிடைத்தது' என்று முத்திரை குத்திக் கோப்பில் போட்டார். பிறகு எழுந்து போய், 'நிராகரித்தவை' என்று எழுதியிருந்த பதிவேட்டை எடுத்துவந்து விரித்தார். சொற்கள் எதுவும் அதில் இல்லை. வெறும் இலக்கங்கள்தான். மூலத்தில் ஒன்றாவது பிரதியில் பதினெட்டாவது, மூலத்தில் இரண்டாவது பிரதியில் ஐந்தாவது என்று வரிசையாக இறங்கி, 'ஒன்பதாவது மட்டும் பொருந்துகிறது' என்று முடித்திருந்தார். அந்தப் பதிவேட்டை யார் திருடினாலும் பயனில்லை. லமினேட் தாளைத் திருடினாலும் பயனில்லை. இரண்டும் ஒரே மேசைக்கு வந்தால் ஒரு வீடு.

ஜெயந்தி புதிதாக எழுதினாள். கருவியில் இருப்பது இரண்டே இரண்டு பொத்தான்கள். ஒவ்வொரு சொல்லையும் அவற்றால் தேடித் தேடிக் கொடுக்க நாற்பது நிமிடம் எடுத்தது. ஞானசேகரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இருபத்து நான்காவதைக் கொடுத்ததும் கருவி சிறிது யோசித்தது. பிறகு ஏற்றுக்கொண்டது. அவள் கொம்பியூட்டரைத் திறந்து கொழுவினாள். கண்ணாடி அலுமாரி திறந்தது. அவள் மேசையில் நெற்றியை வைத்தாள். தகப்பன் நாகலிங்கத்தைப் பார்த்தார். நாகலிங்கம் பதிவேட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தார்.

இத்தனை பேர் கண்ட சொற்களை ஒரு நாள்கூட வைத்திருக்கக்கூடாது என்று சொன்னேன். அன்றிரவே எல்லாவற்றையும் வேறொரு கருவியின் புதிய சொற்களுக்கு மாற்றினாள். அந்தச் சொற்கள் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது, தகப்பனுக்கும் தெரியாது. அவர் கேட்கவும் இல்லை. வீட்டுக்கு வேண்டியதை அந்த வாரமே விற்றுக் காசாக்கினாள். மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது ஒப்பந்தம் எழுதினார்கள். சாட்சிக் கையொப்பம் வைக்க ஞானசேகரம் தானே இரண்டு வீடு தள்ளிப் போய் நாகலிங்கத்தை அழைத்துவந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஆனால் அன்று அந்த முன்னறையில், நாங்கள் வெளிக்கிடுகிற நேரத்தில்தான், இந்த இலக்கங்களால் இவர்களுக்கு என்ன பிரயோசனம் என்று நாகலிங்கம் முதல் தடவையாகக் கேட்டார். ஜெயந்தி விளக்கிச் சொன்னாள். அவர் பதிவேட்டை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"அப்பிடியெண்டா ஏழு மாசமா ஒரு வீட்டை இந்த அறைக்குள்ள வச்சிருந்திருக்கிறன். முதலே சொல்லியிருந்தா ஒவ்வொரு மாசமும் வாடகை வாங்கியிருப்பன்."

யாரையும் நம்பத் தேவையில்லாமல் காசை வைத்திருப்பதற்காகவே கண்டுபிடிக்கப்பட்ட இந்தக் கருவியைக் கொழும்பில் ஒழுங்காக இயங்க வைக்க, என் அனுபவத்தில், பிழையை ஒத்துக்கொள்ளும் ஒரு தகப்பனும் அதை எழுத்தில் கேட்கும் ஒரு அயலவரும் இருந்தால் போதும்.